கூழ் காய்ச்சியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமூகவியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ஆடி மாதத்தில் நம் வீடுகளிலும் கோயில்களிலும் நடக்கும் மாரியம்மன் கூழ் வழிபாட்டை, இங்கே எல்லோரும் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்று சொல்வதை, ஆய்வுப் பொருளாக எடுத்திருக்கிறேன். நாற்பது கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் 23 பெரியவர்களைச் சந்தித்தேன். ‘இந்தச் சடங்கின் அர்த்தம் என்ன?’ என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ‘இது நம்ம கல்ச்சர்’ என்றே சொல்கிறார்கள். என் ஆயாவுக்கு 84 வயது. அவர் பன்னிரண்டாவது கேள்வியிலேயே தூங்கிவிட்டார். தரவு மெலிந்திருப்பதால் கோட்பாட்டுச் சட்டகமாவது வலுவாக இருக்க வேண்டும் என்கிறார் என் நெறியாளர். புலம்பெயர்வுக் கோட்பாட்டை எடுப்பதா, பண்பாட்டுக் கலப்புக் கோட்பாட்டை எடுப்பதா? என் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவில் சாதி குறிக்கப்பட்டிருக்கிறது. அதை ஆய்வேட்டில் எழுதலாமா? சைவ சித்தாந்தத்தைத் தத்துவமாகக் கொள்வதா, சமயமாகக் கொள்வதா? வீட்டிலோ, இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன், கணக்கியல் படித்திருக்கலாமே என்று தினமும் கேட்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
சாட்ஸ்வொர்த்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நான்கு நாட்களாக மேசை மேல் வைத்திருக்கிறேன். ஆயா தூங்கிவிட்டார் என்ற வரியைத் தாண்டி ஒவ்வொரு முறையும் என்னால் மேலே போக முடியவில்லை. ஏனென்றால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே கூழைப் பற்றி, இதே கேள்வியை, என் ஆயாவிடம் கேட்டவன். அதில் நான் செய்த தவற்றைப் பற்றித்தான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறது.

முதலில் சிறிய கேள்விகளை முடித்துவிடுகிறேன். சைவ சித்தாந்தம் தத்துவமா சமயமா என்ற பிரிப்பு நம்முடையதன்று. சிவஞானபோதம் தந்த மெய்கண்டாருக்கு அப்படி ஒரு வேலி தேவைப்படவில்லை. உங்கள் ஆய்வுக்கும் அது தேவையில்லை, விட்டுவிடுங்கள். பயன் என்ன என்று கேட்கும் வீட்டாருக்கு, இந்த நாட்டின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லுங்கள். இனஒதுக்கலை வடிவமைத்துப் பிரதமராகவும் இருந்த வெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியலும் பிறகு சமூகவியலும் கற்பித்த பேராசிரியர். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தரம் குறைந்த தனிக் கல்வியை விதித்த 1953-ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட ஆணையத்தின் தலைவர் ஐசலன், அதே ஸ்டெல்லன்போஷில் இருந்த மானிடவியலாளர். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பண்பாடு, அது கலக்கக் கூடாது, ஆகவே தனித்தனி ஊர், தனித்தனிப் பள்ளி என்ற வாதத்தை அறிவுத்துறையின் மொழியில் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். உங்கள் ஆயாவின் குடும்பம் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டதற்குப் பின்னாலும் அந்த மொழிதான் இருக்கிறது. பண்பாட்டைப் பற்றிய ஆய்வு பயனற்றது என்று தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் சொல்லக் கேட்டால் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இதனால்தான் ‘இது நம்ம கல்ச்சர்’ என்ற பதிலை நீங்கள் மெலிந்த தரவு என்று தள்ளியது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. 23 பேர் ஒரே சொல்லைச் சொன்னார்கள் என்றால், அந்தச் சொல் அவர்களிடம் எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அரசு நம்மை எண்ணவும் பிரிக்கவும் பயன்படுத்திய சொல்லை, நம்மைக் காத்துக்கொள்ளும் கேடயமாக நம் பெரியவர்கள் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். கையில் தாளோடு வந்து அர்த்தம் கேட்பவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் பதில் அது. நீங்கள் பேத்தியாகப் போகாமல் தாளோடு போனீர்கள். தாளுக்கு உரிய பதில் கிடைத்தது. கேட்ட கேள்வியில்தான் குறை இருக்கிறது. பதில் சொன்னவர்கள் மேல் அதைச் சுமத்தாதீர்கள்.

1973-இல் எனக்கு 22 வயது. கடன் வாங்கிய கேசட் ரெக்கார்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆடி மாத வியாழக்கிழமை இரவு, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயாவின் சமையலறையில் உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் ஆடி என்றால் வெயில் தணிந்து காற்று அடிக்கும் காலம்; நமக்கோ நடுக்குளிர். அங்கே கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தால் விடிவதற்குள் தானாகப் புளித்துவிடும். இங்கே எங்களுக்குக் கேழ்வரகும் கிடைக்கவில்லை, அந்த வெப்பமும் இல்லை. ஆயா மீலி மீலைத்தான் கரைத்தார். வெள்ளை வெளேரென்ற அந்த மக்காச்சோள மாவில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கட்டி இல்லாமல் விரல்களால் உடைத்துவிட்டு, குண்டானைச் சாக்கால் சுற்றி நிலக்கரி அடுப்பின் பக்கத்தில் வைத்தார். அதற்கு முன்பு, ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்து, பழுப்பான மாவு ஒன்றில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் தூவினார்.

நான் அதைப் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. என் கையில் இருந்த பட்டியலில் அது இல்லை. ‘மாரியம்மனுக்கு ஏன் கூழ் ஊற்றுகிறோம், இதன் அர்த்தம் என்ன?’ என்று கேட்டேன். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாமிக்கு ஊத்துறோம். இதுல என்னடா அர்த்தம்?” என்றார். வேறு விதமாகக் கேட்டேன், அதே பதில்தான். மூன்றாம் முறை கேட்டபோது, “உனக்குக் காய்ச்ச வருமா? வராதுல்ல? அப்புறம் அர்த்தத்தைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?” என்றார். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் இப்படியே ஓடி முடிந்தது. நான் இயந்திரத்தை அணைத்துவிட்டேன்.

அணைத்த பிறகு, பேச வேறொன்றும் இல்லாததால், “அந்த டப்பாவில் என்ன ஆயா? யார் இதைப் போடச் சொன்னது?” என்று கேட்டேன்.

அவர் ஒரு மணி நேரம் பேசினார். அது முளைகட்டிக் காயவைத்து இடித்த சோளம். கல்யாணமாகி நேட்டாலின் வடகரைக் கரும்புத் தோட்டத்துக்குப் போன முதல் ஆடியில், அவர் கரைத்து வைத்த கூழ் மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. மாமியார் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் குடியிருந்த, ஆப்பிரிக்கரான சூலுப் பெண் ஒருவர், கீரை கொண்டுவந்து கொடுத்து உப்பு வாங்கிப் போகிறவர், ஆயா அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, குண்டானுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு துணி முடிச்சில் அந்த மாவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சூலு வீடுகளிலும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். முளைகட்டிய தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அதனால் குளிரிலும் புளிப்பு ஏறும் என்பது நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்கு அது கையால் தெரிந்த செய்தி. ஆயா முதல் கூழை அம்மனுக்குப் படைத்த கையோடு, ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் போய் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம். அங்கே இருந்த ஆண்டுகளிலெல்லாம் அப்படியே செய்தாராம்.

இதை ஏன் எங்கள் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை என்று கேட்டேன். ஆயா பதில் சொல்லாமல் அடுப்பைக் கிளறினார். அந்தப் பதில் எனக்குத் தெரிந்ததுதான். குடும்பம் பிறகு டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதிக்கு வந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து 142 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்கர்கள். ஐம்பது பேர் இந்தியர்கள். எங்கள் வீட்டின் முன்பக்கம் எரிந்தது. அதற்கு மறு ஆண்டு குழுப் பகுதிகள் சட்டம் வந்தது, 1960-களில் எல்லோரையும் அவரவர் ‘பண்பாட்டோடு’ தனித்தனி ஊர்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். எரிந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளிடம், உங்கள் அம்மனின் கூழ் ஒரு சூலுப் பெண்ணின் கையால் புளித்தது என்று எந்தத் தாய் சொல்லுவார்? அவர் தகர டப்பாவை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார், அதன் கதையை மூடிவிட்டார். பிள்ளைகள் கேட்டால் ‘நம்ம வழக்கம்’ என்றார். உங்கள் 23 பேரின் ‘நம்ம கல்ச்சர்’ என்ற பதிலுக்குள் இப்படி எத்தனை டப்பாக்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டாமா?

இப்போது சொல்லுங்கள், இதற்குப் பண்பாட்டுக் கலப்பு என்று பெயரிட்டால் என்ன கூடுகிறது? இரண்டு நிறங்களைக் கலப்பது போல இரண்டு பண்பாடுகள் தாமாகக் கலந்தன என்ற எண்ணம்தான் வரும். உண்மையில் ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி கொண்டுவந்து கொடுத்தாள், பிறகு ஊர் எரிந்தது, பிறகு சட்டம் வந்தது, பிறகு மறைத்தார்கள். அர்த்தம் என்ன என்று கேட்டால் கருத்து வரும். கருத்தை எல்லோரும் கடன் வாங்கியே சொல்வார்கள், நானும் நீங்களும் உட்பட. யார் சொல்லிக் கொடுத்தார், எப்போது, நீங்கள் தவறாகச் செய்தபோது யார் ஏசினார்கள் என்று கேட்டால் மனிதர்கள் வருவார்கள். உலகத்தின் சடங்குகளையெல்லாம் கேம்பிரிட்ஜில் இருந்தபடியே தொகுத்த ஃப்ரேசர், அவற்றைப் பிழையான அறிவியலாக விளக்கியபோது, தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் அதை மறுத்து, சடங்கைச் செய்பவர் எந்தக் கொள்கையையும் நிறுவ முயலவில்லை, ஆகவே அதைப் பிழை என்று சொல்ல இடமில்லை என்ற பொருளில் எழுதினார். என் ஆயா அதைத்தான் மூன்று முறை எனக்குச் சொன்னார்.

நீங்கள் படிக்க ஒரே ஒன்றைச் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மானிடவியலாளர் மாக்ஸ் க்ளக்மன், 1938 ஜனவரி 7 அன்று சூலுலாந்தில் ஒரு பாலத் திறப்பு விழாவுக்குப் போனார். வெள்ளையர்கள் எங்கே கூடித் தேநீர் குடித்தார்கள், சூலுக்கள் எங்கே கூடினார்கள், யார் யாரோடு பேசினார்கள் என்று அந்த ஒரு நாளில் கண்டதை எழுதி, அதிலிருந்து முழு சமூகத்தின் அமைப்பையும் காட்டினார். அதை வாசியுங்கள். பிறகு நாற்பது கேள்விகளையும் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரே ஒரு கூழ் நாளுக்குப் போய் உட்காருங்கள். மைசூர்ப் பக்கம் ராம்புரா என்ற ஊரில் களப்பணி செய்த சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் தீ வைக்கப்பட்டபோது எரிந்துபோயின. அவர் அந்த ஊரில் வாழ்ந்திருந்ததால் நினைவிலிருந்து ஒரு முழு நூலை எழுத முடிந்தது. உங்கள் 23 படிவங்கள் நாளை எரிந்துவிட்டால் உங்கள் நினைவில் எத்தனை பேரின் முகம் மிஞ்சும்? கடுமையாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் பதிவைப் பற்றி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். அந்தச் சாதிப் பத்தியில் இருப்பது ஓர் எழுத்தர் காதில் விழுந்தது, அல்லது கூலிக்காரர் சொல்ல விரும்பியது. எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் ஒரே கப்பலில், அடுத்தடுத்த எண்களோடு வந்தவர்கள். பதிவில் இருவருக்கும் இரண்டு சாதி. எழுதுங்கள், ஆனால் ‘என் கொள்ளுத்தாத்தா இன்ன சாதி’ என்று எழுதாமல் ‘பதிவில் இப்படி எழுதியிருக்கிறது’ என்று எழுதுங்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் பிடித்தது கடைசிப் பத்திதான். தம்பிக்கு ‘இடது புருவத்தில் தழும்பு’ என்று இருக்கிறது. அதை யாரும் பொய்யாகச் சொல்லியிருக்க முடியாது.

கோட்பாட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். உங்கள் நெறியாளர் கேட்பதில் தவறில்லை, சட்டகம் வேண்டும்தான். ஆனால் உங்கள் ஆயா விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, காலையில், அவர் கைவேலையாக இருக்கும்போது, தாள் இல்லாமல் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். கூழ் காய்ச்ச உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார் ஆயா என்று மட்டும். கேட்டதை அன்றிரவே தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், பிழை இருந்தால் இருக்கட்டும்.

அன்றிரவே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயா சொன்ன கதையை நான் என் கட்டுரையில் சேர்த்தேன். எனக்குப் பாடம் நடத்திய ஒருவர், சடங்கின் பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அந்தப் பக்கத்தைக் கோடிட்டு அடித்தார். நானும் மறு பேச்சில்லாமல் நீக்கிவிட்டேன். கைப்பிரதியையும் வைத்துக்கொள்ளவில்லை. கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் குரலும் ‘சாமிக்கு ஊத்துறோம்’ என்ற பதிலும்தான் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரை ஆயா அன்று இரண்டு முறை சொன்னார். ‘நோ’ என்று தொடங்கும் பெயர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சூலுப் பெண்களின் பெயர்களில் எத்தனையோ அப்படித்தான் தொடங்குகின்றன.

அன்புடன்.