முடி வளரத் தலையில் மினாக்சிடில் மருந்து போட்டதும் முடி இன்னும் அதிகமாகக் கொட்டுகிறதே, நிறுத்திவிடலாமா?

அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். முதல் ஓரிரு மாதம் இப்படிக் கொட்டுவது பலருக்கும் நடப்பதுதான். ஓய்வில் இருக்கும் வேர்களை மருந்து மறுபடி வளரத் தூண்டும்போது பழைய முடி உதிர்கிறது. தலையணை முழுக்க முடியைப் பார்த்தால் யாருக்கும் மனசு விட்டுத்தான் போகும். ஆனால் பலன் தெரியவே 4 முதல் 6 மாதம் ஆகும். படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

5% கரைசல் என்றால் ஒரு வேளைக்கு 1 மில்லி, காலையும் இரவும். தலை நன்றாக உலர்ந்த பிறகு, வகிடு பிரித்துத் தோலில் விடுங்கள். முடியில் தடவினால் மருந்து வீண்.

ஆண் வழுக்கையில் டிஹெச்டி என்ற ஹார்மோன் வேர்களைச் சுருக்குகிறது. வெங்காயச் சாறு அதைத் தடுக்காது. ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. மாத்திரை டிஹெச்டியைக் குறைக்கும். ஆனால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வும் வரலாம். அதனால் தோல் மருத்துவரிடம் கேட்காமல் மெடிக்கலில் வாங்கி விழுங்க வேண்டாம். மினாக்சிடில், ஃபினாஸ்டெரைடு இரண்டில் எதை நிறுத்தினாலும் சில மாதங்களில் அதனால் கிடைத்த பலன் போய்விடும்.

அப்புறம், முடி வட்டவட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.