கூகுளில் என் இணையதளம் ஏன் தெரிவதில்லை?

தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலுக்கு இணையதளம் அமைத்து மூன்று மாதமாகியும் கூகுளில் தெரியவில்லை, மெட்டா கீவேர்டுகளை (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்களை) இன்னும் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தரவரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

முதலில் உங்கள் பக்கங்கள் கூகுளின் அட்டவணையில், அதாவது தேடலுக்காக அது சேர்த்துவைக்கும் பக்கங்களின் பட்டியலில், ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் பக்க முகவரியைக் கொடுத்தால் தெரிந்துவிடும். பக்கத்தை அட்டவணையில் சேர்க்காதே என்று சொல்ல, தளம் கட்டும்போது போட்ட 'நோஇண்டெக்ஸ்' கட்டளையை எடுக்க மறந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

அடுத்தது தலைப்பு. பலருடைய முதல் பக்கத்தின் தலைப்பு வெறும் 'முகப்பு' என்றே இருக்கிறது. யார் 'முகப்பு' என்று தேடப்போகிறார்கள்? 'தையல் இயந்திரம் பழுதுபார்ப்பு', அதோடு உங்கள் ஊர்ப் பெயர் என்று மாற்றுங்கள். எல்லாச் சேவைகளையும் ஒரே பக்கத்தில் திணிக்காதீர்கள். 'நூல் அடிக்கடி அறுந்தால் என்ன செய்வது' என்பதற்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். கைத்தொழில் தெரிந்த உங்களைப் போல் அதை வேறு யார் எழுத முடியும்?

கூகுள் மேப்ஸில் தொழிலைப் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணமில்லை. தரவரிசையில் ஏற, மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள். அது கூகுளின் விதிகளுக்கு எதிரானது.

சில வாரங்கள் கழித்து, மக்கள் எந்தச் சொற்களைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று சர்ச் கன்சோலே காட்டும். அடுத்த பக்கத்தை அந்தச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.