லண்டன்ல ஆபீஸ் டவரா நிறைஞ்சிருக்கிற கேனரி வார்ஃப் ஏரியா முன்னாடி என்னவா இருந்துச்சு?

கப்பல்துறைதாங்க. தேம்ஸ்ல வந்து நிக்கிற கப்பல்ல சர்க்கரை, ரம் எல்லாம் ஓவரா திருடு போகுதுன்னு வியாபாரிங்க சேர்ந்து சுத்தி பெரிய மதில் வச்சு 1802ல திறந்ததுதான் வெஸ்ட் இண்டியா டாக். அந்தச் சர்க்கரையே கரீபியன்ல அடிமைங்களை வச்சு விளைவிச்சது, இதுல திருட்டைப் பத்தி இவங்க பேசுறாங்க!

அப்புறம் கன்டெய்னர் வந்துச்சு, பெரிய கப்பலுக்கு இங்க இடம் பத்தாது, சரக்கெல்லாம் தேம்ஸ்லயே கடல் பக்கமா இருக்கிற டில்பரி துறைமுகத்துக்குப் போயிருச்சு, 1980ல மூடிட்டாங்க. அடுத்த வருஷமே அரசு இந்த ஏரியாவை டெவலப் பண்ண தனி கார்ப்பரேஷன் போட்டு, வரிச்சலுகை கொடுத்து ஆபீஸ் டவர் கட்ட விட்டாங்க. 1991ல 50 மாடி கட்டடம் ரெடி, 1992லயே கட்டின கம்பெனி திவால். 1999ல ஜூபிலி லைன் ட்ரெயின் வந்த பிறகுதான் ஏரியா நல்லா பிக்கப் ஆச்சு. பழைய சர்க்கரை கிடங்கு ஒண்ணு இப்ப மியூசியம், போனா அதையும் பாருங்க.