காரின் உயரத்தை 30 மி.மீ. இறக்க காயில்ஓவர் வேண்டுமா?

வேண்டாம். காயில்ஓவர் என்றால் உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அமைப்பு. 30 மி.மீ.க்கு, குட்டை ஸ்பிரிங்கும் அதற்கென்றே செய்த ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும் செட் போதும். உயரத்தை அடிக்கடி மாற்றுபவர்களுக்கும் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும்தான் காயில்ஓவர். மலிவான காயில்ஓவர் வாங்குவதைவிட பழைய உயரத்திலேயே ஓட்டலாம் என்பேன்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியதும் சின்னப் பள்ளத்திலும் முன்பக்கம் 'டங்'கென்று இடிக்கிறது என்கிறீர்களே, அநேகமாக அது பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் முழுதும் அமுங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் கட்டை. வண்டி இறங்கிய அளவுக்கு ஷாக் அமுங்க இருந்த இடமும் குறைந்துவிட்டது. பழைய ஷாக் புது ஸ்பிரிங்கின் விறைப்பை அடக்க முடியாமல் திணறவும் செய்யும்.

சோதிக்க ஒரு கேபிள் டை போதும். தூசி உறையைத் தூக்கி, ஷாக்கின் தண்டில் நகரும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, கீழே உடல் பகுதியை ஒட்டித் தள்ளி வையுங்கள். வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. ஸ்டாப்பை லேசாகத் தொட்டால் பரவாயில்லை. அதை நசுக்கிக்கொண்டு ஏறியிருந்தால் சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

அப்புறம், புது செட் மாட்டும்போது கீழ் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்க விடாதீர்கள். அந்த இணைப்பில் உள்ள ரப்பர் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு, அதன் பின் வீல் அலைன்மென்ட். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கச் சொன்னால் மட்டும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.