கல்விப்பணிக்கு விண்ணப்பிக்கும்போது நேரும் தவறுகளை எப்படித் தவிர்ப்பது?

முனைவர் பட்டம் முடித்துப் பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கோ ஆய்வுப் பணிக்கோ விண்ணப்பிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எவை, அவற்றைத் தவிர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகள் இடைவிடாமல் விண்ணப்பித்தவன் நான்; பின்னர் தேர்வுக் குழுக்களில் அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களைப் படித்தும் இருக்கிறேன். தகுதி இல்லாமல் கழிக்கப்பட்ட விண்ணப்பங்கள் என் நினைவில் இல்லை. தகுதி இருந்தும், அது எழுத்தில் தெரியாத காரணத்தால் கழிக்கப்பட்டவையே இன்றும் மனத்தை உறுத்துகின்றன.

முதல் தவறு, ஒரே விண்ணப்பத்தை எல்லா இடங்களுக்கும் அனுப்புவது. நாட்டுக்கு நாடு எதிர்பார்ப்பு மாறுகிறது. பிரிட்டனில் பெரும்பாலான பணி அறிவிப்புகளுடன் கட்டாயத் தகுதிகள், விரும்பத்தக்க தகுதிகள் என்று ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். தேர்வுக் குழுவினர் அந்தப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகுதிக்கும் சான்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே ஒரு தகுதியைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால், அது உங்களிடம் இல்லை என்றே பொருள்படும். அமெரிக்காவில் ஆய்வுக்கு ஓர் அறிக்கை, கற்பித்தலுக்கு ஓர் அறிக்கை என்று பெரும்பாலும் தனித்தனியாகக் கேட்பார்கள். பதவிப் பெயரும் ஏமாற்றும்: பிரிட்டனின் லெக்சரர் பதவி, அமெரிக்காவின் உதவிப் பேராசிரியர் பதவிக்கு ஏறத்தாழ இணையானது, அமெரிக்காவில் அதே பெயர் பெரும்பாலும் கற்பித்தலை மட்டுமே முதன்மையாகக் கொண்ட பணியைக் குறிக்கும். அறிவிப்பை ஒருமுறை மேலோட்டமாகப் படித்துவிட்டு எழுத உட்காராதீர்கள். அதை அச்சிட்டு, அவர்கள் கேட்கும் ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, உங்கள் கடிதத்தின் எந்த வரி அதற்குப் பதில் சொல்கிறது என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். குறிக்க முடியாத இடத்தில்தான் எழுத வேண்டிய வேலை மீதியிருக்கிறது.

முகப்புக் கடிதத்தில் “எனக்குக் கற்பித்தலில் மிகுந்த ஆர்வம் உண்டு” என்ற வரியை எண்ணற்ற முறை படித்திருக்கிறேன். அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. “முதலாமாண்டு மாணவர்கள் 60 பேருக்கு இரண்டு பருவங்கள் புள்ளியியல் நடத்தினேன், நிகழ்தகவில் அவர்கள் தடுமாறுவதைக் கண்டு, வாரந்தோறும் ஒரு பயிற்சி வகுப்பைச் சேர்த்தேன்” என்று எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் கண்முன் வந்து நிற்கிறார். ஆர்வத்தைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை, செய்த காரியமே அதைக் காட்டிவிடும்.

வெளியீட்டுப் பட்டியலில்தான் மிகப் பெரிய இழப்பு நேர்கிறது என்பது என் கருத்து. ஒரு குழுவில் நாங்கள் பார்த்த விண்ணப்பத்தில் 14 கட்டுரைகள் வரிசையாக எண்ணிடப்பட்டிருந்தன. குழுவில் ஒருவர் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார்: அச்சில் வந்தவை ஐந்து, ஆய்விதழின் பரிசீலனையில் இருந்தவை மூன்று, மற்ற ஆறும் “தயாரிப்பில்”. அந்த ஐந்தும் உண்மையிலேயே நல்ல கட்டுரைகள். அவற்றை மட்டும் தனித் தலைப்பின்கீழ் தந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். ஆனால் பென்சில் ஒன்பதாம் எண்ணைத் தாண்டிய பிறகு, அந்த விண்ணப்பத்தின் மற்ற பக்கங்களையும் எல்லோரும் ஐயத்தோடுதான் படித்தார்கள். ஆகவே வெளிவந்தவை, ஏற்கப்பட்டவை, பரிசீலனையில் உள்ளவை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். எழுதத் தொடங்கியவற்றை ஆய்வுத் திட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆசிரியர் பெயர் வரிசையையும் விளக்கிவிடுவது நல்லது. கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் தருவது வழக்கம்; உயிரியலில் முதற்பெயர் வேலையை முன்னின்று செய்தவருடையது, கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவருடையது. குழுவில் பிற துறையினரும் இருப்பார்கள் என்பதால், முக்கியமான ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வரிக்கு வரி சேர்ப்பதில் பயன் குறைவு. தனி ஆய்வாளரை மதிப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறும் ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவானது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களில் அது உங்களுக்கு எதிராகவும் போகலாம்.

பரிந்துரைக் கடிதத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான், என்னை நன்கு அறிந்த ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் “உன் எந்த வேலையைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் பொதுவாகவே எழுதினேன்” என்று பின்னர் வருத்தத்தோடு சொன்னார். அதன் பிறகு குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே கேட்டு, பணி அறிவிப்பு, தன்விவரக் குறிப்பு, ஆய்வுத் திட்டத்தின் வரைவு ஆகியவற்றோடு, அவர் நேரில் கண்ட என் வேலைகள் சிலவற்றை நினைவூட்டும் ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினேன். கேட்காமல் ஒருவர் பெயரைப் பரிந்துரையாளராகத் தருவது எந்த நிலையிலும் கூடாது.

விதிமுறைகளையும் நேரத்தையும் பற்றி ஒரு சொல். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் மேரி கியூரி முதுமுனைவர் நிதிநல்கைக்கு, பொதுவாக, விண்ணப்ப இறுதி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்குமேல் நீங்கள் செல்லவிருக்கும் நாட்டில் வசித்திருக்கவோ பணிபுரிந்திருக்கவோ கூடாது. இறுதி நேரமும் பிரஸ்ஸல்ஸ் நேரப்படியே கணக்கிடப்படும். இத்தகைய ஒரு விதியைக் கவனிக்காமல் ஒரு மாத உழைப்பை இழந்தவர்கள் உண்டு.

ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்ததும் உங்கள் துறையைச் சாராத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள். படித்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், விளக்கம் கொடுக்க முற்படாமல் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, வேறொருவரிடம் கொடுங்கள்.