ஒரு நாள் ரோம்: கேளுங்கள், சொல்கிறேன்

இத்தாலியில் முதுகலை படிக்கிறேன். லீவு கிடைத்தால் ரோமுக்கு ரயில் ஏறிவிடுவேன். புதிதாக வந்த தம்பி தங்கைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, ஒரே நாளில் ரோம் முழுக்கப் பார்த்துவிடலாமா?

முடியாதும்மா. முதல் தடவை நான் பதினொரு இடம் எழுதிக்கொண்டு போனேன். அறைக்கு வந்து படங்களைப் பார்த்தால் எது எந்தத் தேவாலயம் என்றே தெரியவில்லை. பழைய ரோமானிய அரங்கமான கொலோசியம், சான் கிளெமென்தே தேவாலயம், குவிமாடம் வைத்த பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், இந்த மூன்றும் போதும். எல்லாமே நடக்கிற தூரம்தான். கருங்கல் பாவிய தெருக்கள், அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்.

கொலோசியத்தில் மாணவர் சலுகை உண்டா?

2 யூரோ டிக்கெட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 18 முதல் 25 வயது வரையுள்ள ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் கூட்டம் தாங்காது. டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டை மறந்துவிடாதீர்கள்.

சான் கிளெமென்தே பற்றிக் கேள்விப்பட்டதே இல்லையே?

அதனால்தான் சொல்கிறேன்! கொலோசியத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடை. மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் ரோமானியர் காலத்துச் செங்கல் சுவர்கள், மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட நிலவறை. இரண்டு பக்கமும் நம்மூர்த் திண்ணை மாதிரி கல் இருக்கை, நடுவில் மித்ரா காளையைக் கொல்லும் காட்சி செதுக்கிய பலிபீடம். 1857இல் ஜோசப் முல்லூலி என்ற ஐரிஷ் துறவி தோண்டத் தொடங்கும்வரை இதெல்லாம் மண்ணுக்குள் கிடந்தது. கீழே ஈரவாடை அடிக்கும். பேச்சை நிறுத்திக் காதைக் கொடுங்கள், எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். எனக்குக் கொலோசியத்தைவிட இதுதான் பிடித்தது.

பாந்தியன் கூரை ஓட்டையில் மழை விழாதா?

விழும். சுமார் 9 மீட்டர் அகல ஓட்டை, மூடியே கிடையாது. தரை நடுவில் லேசாக மேடு, அங்கங்கே சிறு துளைகள், தண்ணீர் வடிந்துவிடும். குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்கு மேல், கம்பியே இல்லாத கான்கிரீட். முகப்பில் அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி கட்டினார் என்று எழுதியிருக்கும், நம்பிவிடாதீர்கள். அவர் கட்டியது போய்விட்டது. இப்போது நிற்பது பின்னால் வந்த ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் முடிந்தது, பழைய பெயரையே பொறித்துவிட்டார்கள்.

நம்மூருக்கும் ரோமுக்கும் சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது?

கொலோசியம் டிக்கெட்டிலேயே பக்கத்திலுள்ள ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) சேர்த்தி. அங்கே மாக்சென்டியஸ் என்ற பேரரசர் தொடங்கிய பெரிய மண்டபத்தின் அடியில் டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. யவனர் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறதே அகநானூறு, அந்தக் கறி மிளகுதான். மூட்டை போய் இறங்கிய இடம் இது.

சாப்பாடு, தண்ணீர்ச் செலவு?

காபியைக் கவுண்டரில் நின்றபடியே குடித்துவிடுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும். தண்ணீருக்குக் காசே வேண்டாம். தெருவோரம் ‘நாசோனே’ என்ற இரும்புக் குழாய்கள் உண்டு, பெயருக்குப் பெரிய மூக்கு என்று அர்த்தம். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள பொத்தல் வழியாகத் தண்ணீர் வளைந்து எழும், அப்படியே குடிக்கலாம். மெதுவாக அடையுங்கள். நான் வேகமாக அடைத்து, பின்னால் நின்ற பாட்டியையும் சேர்த்து நனைத்துவிட்டேன்.