ஆர்ட் ஃபேர்ல ஸ்டால் போட்டு போர்ட்ரெய்ட் ஓடர் பிடிக்கிறது எப்படி?

ஹட்டன் பக்கம் இருக்கேன், பென்சில்லயும் அக்ரிலிக்லயும் முகம் வரையுறேன், கண்காட்சியில ஸ்டால் போட்டா ஆளுங்க "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டு போயிடுறாங்க, ஓடர் வரலன்னு கேட்டிருக்கீங்க. நானும் மலையகத்துல இதே தொழில்தான், நம்ம பக்கத்துக்கு சரிவர்றதை சொல்றேன்.

முதல்ல நடிகர் படங்களை இறக்கிடுங்க. ரஜினி, விஜய் முகத்தை எல்லாரும் போன்ல எடுத்துக்குவாங்க, வாங்க மாட்டாங்க. நம்ம சனம் காசு குடுத்து வரைய சொல்றது தவறிப்போன அம்மா அப்பா, அப்பாயி, தாத்தா முகத்தைத்தான். தேயிலைத் தோட்டத்துல முந்தின தலைமுறைக்கு நல்ல போட்டோன்னே இருக்காது, நிறைய பேருக்கு அடையாள அட்டையில இருக்கிற சின்ன கறுப்பு வெள்ளைப் படம் மட்டும்தான், 1948ல பிரஜாவுரிமை பறிபோன சனத்துக்கு அந்த அட்டையே லேசுல கெடைக்கல. அதனால ஸ்டால் நடுவுல அப்படி ஒரு சின்னப் படத்தையும் அதைப் பார்த்து நீங்க வரைஞ்ச ஏ3 போர்ட்ரெய்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டு வைங்க, அட்டை நம்பரை கட்டாயம் மறைச்சிடுங்க. அதைப் பார்த்தா ஆளுங்க நின்னு, "இவ்வளவு மங்கிப்போன படத்துல இருந்தும் வரையலாமா"ன்னு கேப்பாங்க.

அப்படி கேக்கிறவங்களை உங்க விசிட்டிங் கார்ட் மட்டும் குடுத்து அனுப்பாதீங்க, வீட்டுக்குப் போனா மறந்துடும். அடையாள அட்டை கையில இருந்தா அங்கேயே போன்ல எடுத்துக்குங்க, லேமினேட் மினுங்கும், ஃபிளாஷ் போடாம வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி பிடிங்க. இல்லன்னா வீட்டுல இருக்கிறவங்களை வட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க. அப்புறம் உக்கார வச்சு கேளுங்க, மூக்குத்தி எந்தப் பக்கம், பொட்டு எவ்வளவு பெருசு, என்ன கலர் சேலை பிடிக்கும்னு. அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து வரைய சொல்றவங்க நிறைய, சேர்ந்து எடுத்த படமே இருக்காது, ரெண்டு தனித்தனிப் படத்துல வெளிச்சம் வேற வேற பக்கத்துல இருந்து வரும், அதை ஒண்ணாக்கினாத்தான் பக்கத்துல நிக்கிற மாதிரி தெரியும், இதுக்கு கூட விலை கேக்குறது நியாயம்தான். பில் புக்குல எழுதி பாதி அட்வான்ஸ் வாங்கிடுங்க. கோயில் திருவிழா பக்கம் ஸ்டால் போடுறதுனா 10ஆம் திகதி தோட்டச் சம்பளத்துக்குப் பிறகு வர்ற சனி ஞாயிறு நல்லது. தீபாவளிக்கு கொழும்புல வேலை செய்யிற புள்ளைங்க ஊருக்கு வருவாங்க, பெரிய ஓடர் அவங்க குடுக்கிறதுதான்.

நுவரெலியா ஏப்ரல் சீசன் கூட்டம் வேற. லீவுக்கு வந்தவங்க, திரும்ப வந்து வாங்கிட்டுப் போக மாட்டாங்க, அதனால உக்கார வச்சு பத்து இருபது நிமிசத்துல பென்சில் ஸ்கெட்ச் போட்டு கையில குடுத்துடணும். வரையும்போதே சுத்தி கூட்டம் சேரும், அதைவிட பெரிய விளம்பரம் கிடையாது. விலை போர்டை தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூணுலயும் எழுதுங்க, விலை தெரியாம கேக்க கூச்சப்பட்டு போறவங்க அதிகம்.

மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் இறங்கினா பேப்பர் ஈரத்தை இழுத்து நெளியும், பொலித்தீன் கவர் எப்பவும் கூட இருக்கட்டும், சார்கோல் (கரி) படத்துக்கு ஃபிக்சட்டிவ், அதாவது கரி உதிராம பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரே, அடிக்காம வெளிய எடுக்காதீங்க. ஆயில் பெயின்ட் நம்ம குளிருக்கு காயவே மாட்டேங்குது, ஃபேருக்கு அது வேணாம்.

இங்க கொஞ்சம் கை வந்த பிறகு கொழும்பு கலா பொலவுக்கு அப்ளை பண்ணுங்க. ஓவியர் ஜோர்ஜ் கீட் பேர்ல இருக்கிற மன்றம் 1993ல இருந்து நடத்துற திறந்தவெளி ஓவியச் சந்தை, கொழும்பு 7 கிரீன் பாத் ரோட்டோரத்துல வரைஞ்சவங்களே நின்னு விக்கலாம். அங்கயும் அந்த அப்பாயி படத்தையே முன்னாடி வைங்க.